கண்ணகியா மாதவியா என்று கேட்பவர்களுக்கு

காரைக்குடிப் பக்கத்துப் பட்டிமன்ற மேடைகளில் 'கற்பில் சிறந்தவள் கண்ணகியா, மாதவியா' என்ற தலைப்பு இன்னும் சலிக்காமல் வலம் வருகிறது. இரண்டு பெண்களை எதிரெதிரே நிறுத்தும் அந்த வாதத்தில், குலம் தந்த செல்வத்தைத் தொலைத்த கோவலன் மட்டும் எந்த அணிக்கும் பதில் சொல்லாமல் தப்பிவிடுகிறான் என்பதே என் நெடுநாள் மனக்குறை. சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் அவனை அப்படித் தப்பவிடவில்லை.

மனையறம் படுத்த காதையில் கோவலனின் தாய் மகனையும் மருமகளையும் தனி மனையில் குடிவைக்கிறாள். அறமும் விருந்தோம்பலுமாக அவர்கள் இல்லறம் சிறப்பதைக் காண வேண்டும் என்பது அவள் ஆசை. பூம்புகாரிலிருந்து வந்தவர்கள் என்று தம் மரபைச் சொல்லும் செட்டிநாட்டு வணிகர்களான எங்கள் நகரத்தாரிடம் இதற்கு 'வேறு வைப்பது' என்று பெயர். ஒரே வளவு வீட்டுக்குள் இருந்தாலும், வேறு வைத்த பிறகு தன் அடுப்படிக்கு மருமகளே ஆச்சி. ஆகவே கண்ணகி எதை இழந்தாள் என்பதை எங்கள் வீட்டுப் பெண்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த இழப்பை அவளே கொலைக்களக் காதையில் சொல்கிறாள். மதுரை ஆயர் சேரியில் அவள் தன் கையால் சமைத்துப் பரிமாறிய பிறகு, கோவலன் தன் தவறுகளை ஒப்புக்கொள்கிறான். அவள் பிரிவின் ஏக்கத்தைப் பேசவில்லை. அறவோர்க்கு அளிப்பதையும், அந்தணரைப் பேணுவதையும், துறவோரை எதிர்கொள்வதையும், விருந்தை வரவேற்பதையும் தான் இழந்ததாக அடுக்குகிறாள். அவளைக் காண வந்த மாமனார் மாமியாரிடம் துயரை மறைத்துப் பொய்யாகச் சிரித்ததையும், அந்தச் சிரிப்பைக் கண்டு அவர்கள் மனம் நொந்ததையும் சொல்லிவிட்டு, 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்' என்று நேருக்கு நேர் குற்றம் சாட்டுகிறாள். பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்தவளைச் சிலையாக்கிய நாம், கணவனிடம் இப்படிப் பேசியவளை ஏனோ மேடையேற்றுவதில்லை.

கணவன் இல்லாத வீட்டில் மனைவிக்கு விருந்தோம்பும் உரிமையும் இல்லை என்ற அந்த வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போன ஆண்கள் ஆண்டுக்கணக்கில் திரும்பாத காலத்தில், சீர்செனத்தியும் வந்தவர் போனவர் உபசாரமும் எங்கள் ஆச்சிமார் கையில்தானே நடந்தன?

மாதவிக்கு நேர்ந்தது இன்னும் அநியாயம். கடற்கரையில் வேறொரு பெண்ணை எண்ணியவன் போல முதலில் பாடியவன் கோவலன். அவளும் அதே போக்கில் பாடியதும், 'மாயப்பொய் பல கூட்டும் மாயத்தாள்' என்று முடிவுகட்டி எழுந்து போய்விடுகிறான். அவன் பாடினால் விளையாட்டு, அவள் பாடினால் துரோகம்! (கணக்கில் கெட்டிக்காரர்களான வணிகர் குலத்துப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு மட்டும் பிசகிவிட்டது.)

பிறகு மதுரைக்குப் போகும் வழியில், கோசிகன் என்ற அந்தணன் கொண்டுவந்த மாதவியின் ஓலையைப் படிக்கிறான். தன் பிழை என்னவென்றே தெரியவில்லை என்று அவள் எழுதியதைக் கண்டு, தீது அவளுடையதன்று, தன்னுடையதே என்று உணர்கிறான். உணர்ந்தவன் என்ன செய்தான்? அதே ஓலையைத் தன் பெற்றோரிடம் காட்டும்படி கோசிகனிடமே திருப்பிக் கொடுத்தனுப்பினான். மாதவிக்கென்று ஒரு வரி பதில் எழுதவில்லை.