கொசு வகை கூடினால் நோயும் கூடும் என்பது சரியல்ல

"ஓர் இடத்தில் கொசு வகைகள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு நோயும் பரவும்" என்று ஒரு கருத்து உண்டு. அது தவறு, மருந்தடிக்கும் முடிவுகளையும் கெடுத்துவிடும். உலகில் 3,500-க்கும் மேற்பட்ட கொசு இனங்கள் உண்டு. அனாபிலிஸ் என்ற பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதியில்) மட்டும் 400-க்கு மேல். அவற்றில் மனிதருக்கு மலேரியாவைக் கடத்துபவை ஏறத்தாழ 70 தான். டாக்சோரிங்கைட்டிஸ் கொசு இரத்தமே குடிக்காது; அதன் புழு மற்ற கொசுப் புழுக்களைத் தின்றுவிடும்.

கொசு மனிதரைத் தேடிக் கடிக்கிறதா, எத்தனை நாள் உயிரோடிருக்கிறது என்பதுதான் கணக்கு. டெங்கு வைரஸ், அதைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவின் குடலிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பியை எட்ட, வெப்பத்தைப் பொறுத்து சுமார் 8 முதல் 12 நாள் ஆகும். அதற்குள் செத்த கொசுவால் யாருக்கும் டெங்கு வராது.

நோயைக் கடத்தும் பல இனங்கள் சேர்ந்திருக்கும் இடத்தில் சிக்கல் உண்மைதான். சுவரில் மருந்தடித்தால் வீட்டுக்குள் தங்கும் அனாபிலிஸ் ஃபுனெஸ்டஸ் குறையும். மாட்டையும் கடித்து வெளியிலும் தங்கும் அனாபிலிஸ் அராபியென்சிஸ் தப்பிவிடும். ஆப்பிரிக்காவில் மலேரியா பரவல் நீடிக்க இதுவும் ஒரு காரணம். ஒரே ஓர் இனம் புதிதாக வந்தாலும் போதும்: 2012-இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி நகரில் அனாபிலிஸ் ஸ்டீஃபன்சி தென்பட்டது. நீர்த்தொட்டிகளில் பெருகும் இனம் அது. அதன்பின் அங்கே மலேரியா பலமடங்கு ஏறியது.

எனவே பொறியில் விழுந்த கொசுக்களை எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். இனம் பிரியுங்கள், வயிற்றிலிருப்பது மனித இரத்தமா கால்நடை இரத்தமா என்று சோதியுங்கள், பிறகு மருந்தைத் தீர்மானியுங்கள்.