பட்டாளத்துக்காரரின் டிரங்குப் பெட்டி

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி, வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் போன ஊர்களில் பரண்மேல் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். கறுப்புப் பெட்டி, மூடியில் வெள்ளைப் பெயின்டில் ஆர்மி நம்பர், ரேங்க், பெயர். 1962 சீனச் சண்டைக்குப் பிறகு சேர்ந்து, 65ஐயும் 71ஐயும் பார்த்தவர்கள் இப்போது ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். மாலை போடுகிறோம், மெடலைப் போட்டோவுக்குக் கீழே வைக்கிறோம். அவர் மனைவிக்கு, அந்த அம்மாவுக்கு, குடும்ப பென்ஷன் வந்துவிட்டதா என்று கேட்பவர்தான் குறைவு.

பெரும்பாலும் பெயரில்தான் சிக்கல். லீவில் வந்து தாலி கட்டிவிட்டு யூனிட்டுக்குத் திரும்பியவர் மனைவி பெயரைச் சொல்ல, தமிழ் தெரியாத கிளார்க் காதில் விழுந்ததை எழுதிக்கொள்வார். தமிழ்ச்செல்வி 'தமில் சல்வி' ஆவது இப்படித்தான். குடும்ப விவரங்களைப் பதியும் பார்ட் டூ ஆர்டரில் ஏறிய அந்தப் பிழை அப்படியே டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்கிற பென்ஷன் ஆணை வரை வந்துவிடும். ஆதாரில் ஒன்று, பேங்க்கில் இனிஷியலோடு இன்னொன்று. கல்யாணத்தையே பதியாதவர்களும் உண்டு. அவர் இருக்கும்போது ஒரு விண்ணப்பம், அபிடவிட், ஆதார் நகல் என்று, அவர் படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்பியிருக்கலாம். பூட்ஸில் ஒரு தூசு பொறுக்காதவர்கள் இதில் மட்டும் இப்படி அசட்டையாக இருந்தது, சொன்னால் கோபம் வரும், தப்புதான்.

இறந்ததும் முதல் வேலை இறப்புச் சான்றிதழ். அதில் பெயர் பி.பி.ஓ.வில் உள்ளபடியே இருக்கட்டும். அடுத்து ராணுவ பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் இறப்பைப் பதிய வேண்டும். அம்மாவின் ஆதார், பான், பேங்க் கணக்கு கையில் வேண்டும். பெயர் ஒத்துப்போகாவிட்டால் ரெக்கார்ட் ஆபீஸ்தான் வழி: மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். புரோக்கரிடம் போகாதீர்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் அதற்குத்தானே இருக்கிறது.

ஏ.டி.எம். கார்டு மகன் கையில் இருக்கும் வீடுகளில் இன்னொரு வம்பு. அப்பாவுடைய பென்ஷன் அவர் இறந்த நாளோடு முடிகிறது. மறுநாளிலிருந்து குடும்ப பென்ஷன். தகவல் சொல்லாமல் எடுத்த பணம் முழுவதையும் பிறகு திரும்பப் பிடிப்பார்கள்.

தொகையிலும் குழப்பம் உண்டு. ஓய்வுக்குப் பிறகு இறந்தால், 7 வருடம் அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள், எது முதலில் வருகிறதோ அதுவரை கூடுதல் விகிதம். பிறகு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். குறைந்தது 9,000 ரூபாய், அகவிலைப்படி தனி. எழுபத்தெட்டு வயதில் போனவர் வீட்டுக்கு நேரே 30 சதவீதம்தான். யாரும் ஏமாற்றவில்லை.

அம்மாவுக்கு 80 வயதானால் 20 சதவீதம் கூடும், 85இல் 30. பதிவில் பிறந்த தேதி இல்லையென்றால் அது தானாக ஏறாது. இ.சி.எச்.எஸ். என்கிற மருத்துவத் திட்டக் கார்டையும் கேன்டீன் கார்டையும் அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும். சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் அதற்கும் ஆயுள் முழுக்கக் குடும்ப பென்ஷன் உண்டு. அந்தப் பெயரைப் பெற்றோர் இருக்கும்போதே பி.பி.ஓ.வில் ஏற்றிவிடுங்கள்.