டிகிரி குறைந்தால் தண்ணீர்தானா?

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பால் வாங்கும் இடத்தில், பாலின் அடர்த்தியை டிகிரியாகக் காட்டும் லாக்டோமீட்டர் கொஞ்சம் கூடுதலாக அமிழ்ந்து டிகிரி குறைந்ததுமே கேன் பாலைத் தரையில் கொட்டி, "தண்ணி கலந்த பால்" என்று பால் கொண்டுவந்த அம்மாவை நிற்க வைத்துப் படம் பிடித்திருக்கிறார்கள். கமெண்டில் கைதட்டல் வேறு. பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

டிகிரி குறைந்தது என்றால் டிகிரி குறைந்திருக்கிறது. அவ்வளவுதான். தண்ணீர் கலந்தார் என்று அதிலிருந்து எப்படி முடிவு செய்தீர்கள்?

மடியிலிருந்து வரும் பால் ஏறக்குறைய 38 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். லாக்டோமீட்டர் சரியாகக் காட்டுவது அதைவிடக் குறைந்த ஒரு வெப்பநிலையில்தான். சூடான பாலில் அது இன்னும் கீழே போகும். கறந்த கையோடு பார்த்தால் காற்றுக்குமிழியும் சேர்ந்துகொள்ளும். வீடியோவை நிறுத்திப் பாருங்கள், குடுவையில் நுரைகூட அடங்கவில்லை. தெர்மாமீட்டர் கண்ணிலேயே படவில்லை. கொழுப்பு தண்ணீரைவிட லேசானது என்பதால், ஃபேட் கூடுதலான நல்ல பாலிலும் ரீடிங் இறங்கலாம். ஃபேட்டும் பார்க்காமல் தண்ணீர் என்று சொல்லவே கூடாது.

இன்னொன்று, வெளியே தெரியாத மடிநோய். மடி வீங்காது, பாலில் திரி வராது, மாடு ஒழுங்காகத் தின்னும். ஆனால் பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் குறைந்து, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) இறங்கிவிடும், டிகிரியும் குறையும். நாலு காம்புப் பாலையும் ஒரு தட்டின் தனித்தனிக் குழியில் இரண்டு மில்லி பீய்ச்சி, மடிநோயைக் கண்டுபிடிக்கும் சி.எம்.டி. திரவத்தை அதே அளவு விட்டுத் தட்டைச் சுழற்றினால், நோயுள்ள காம்பின் பால் சளி மாதிரி கெட்டியாகும். ஒரு நிமிஷ வேலை. அதைச் செய்திருந்தால் ஒரு மாட்டுக்கு வைத்தியமாவது கிடைத்திருக்கலாம்.

"அப்போ கலப்படமே நடக்கவில்லையா?" என்று வருவீர்கள். நடக்கிறது. குழந்தைகள் குடிக்கிற பாலில் கை வைப்பவரை நிரூபித்துத் தண்டியுங்கள். நிரூபிக்க உறைநிலைச் சோதனை இருக்கிறது. பால் சுமார் மைனஸ் 0.54 டிகிரி செல்சியஸில் ஐஸாக உறையும், தண்ணீர் சேரச் சேர அது பூஜ்ஜியத்தை நெருங்கும். "வரிசையில் அதற்கெல்லாம் நேரம் ஏது" என்கிறார்கள். கொட்டவும் படம் பிடிக்கவும் நேரம் இருந்ததே!

ஒரு லிட்டர் பால் சுரக்க மாடு மூன்று நாலு லிட்டர் தண்ணீர் குடிக்கும். அதைச் சுமந்து வைப்பதும் அந்த அம்மாதான். விடியும் முன்னே எழுந்து, சாணி அள்ளி, மடி கழுவி, மாடு சுரப்பு விட்ட ஐந்தாறு நிமிஷத்துக்குள் கறந்து முடிக்க வேண்டும். காய்ச்சல் வந்தாலும் விடுப்பு கிடையாது. அப்படிப்பட்டவரைத் திருடி என்று சொல்ல ஒரு கண்ணாடிக் குழாய் போதுமா?

இனியாவது பாலை ஆறவிட்டு, கேனை அடிவரை கலக்கி, அவர் கண்ணெதிரே இரண்டு சாம்பிள் எடுங்கள். ஒன்றை சீல் வைத்து அவர் கையில் கொடுங்கள். கொட்டிவிட்ட பாலில் எதையும் நிரூபிக்க முடியாது. அந்த வீடியோவை முதலில் எடுத்துவிடுங்கள்.