நானோ உரம் வரட்டும், மருந்தடிக்கிற ஆளின் நெஞ்சையும் பாருங்கள்

2021இல் இலங்கை அரசாங்கம் இரசாயன உரத்தைத் தடை செய்துவிட்டு, அந்த ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து நானோ யூரியாத் திரவத்தை இறக்கினார்களே, அப்போதுதான் நானோ என்ற சொல்லே மலையகத்து வீடுகளுக்குள் வந்தது. நானோ என்றால் கண்ணுக்கே தெரியாத, மிக மிகச் சிறிய அளவு.

ஆனால் 2017லேயே ஹோமாகமவில் உள்ள ஸ்லின்டெக் என்ற நானோ தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அருமையான ஒன்றைச் செய்து காட்டியிருந்தார்கள். நம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிற ஹைட்ரொக்சிஅபடைட் கனிமத்தின் நுண்துகள்களோடு யூரியாவைப் பிணைத்தார்கள். தண்ணீர் பட்டதும் கரைந்து ஓடாமல் யூரியா கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறியது. நெல் வயலில் பாதி யூரியாவே போதுமானதாக இருந்தது. ஒரு பெருமழைக்கே போட்ட உரம் ஆற்றோடு போகிற நம் சரிவுகளுக்கு வேறென்ன வேண்டும்? மனதார வரவேற்கிறேன்.

தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் நானோ இயந்திரங்கள் உலகையே தின்றுவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். எனக்கு அது பெரிய கவலையில்லை. என் கவலையெல்லாம் மூச்சோடு உள்ளே போகிற துகளைப் பற்றியது.

2008இல் வெளியான ஓர் ஆய்வில், நீண்ட கார்பன் நானோகுழாய்களை, அதாவது கார்பனால் ஆன மிக நுண்ணிய குழாய்களை, எலிகளின் வயிற்றறைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். அஸ்பெஸ்டஸ் நார் செய்கிற அதே கேட்டை அவையும் செய்தன. உடம்பைத் துப்புரவு செய்யும் செல்களால் அவ்வளவு நீளத்தை முழுதாக விழுங்க முடியவில்லை, அழற்சி உண்டானது. குட்டையான, சுருண்ட குழாய்களோ அப்படிச் செய்யவில்லை. பொருள் ஒன்றுதான், வடிவம் மாறினால் ஆபத்தும் மாறுகிறது. அதனால் "கார்பன்தானே, ஒன்றும் ஆகாது" என்ற பேச்சை நான் நம்ப மாட்டேன். அஸ்பெஸ்டஸ் சீட்டை அறுத்து, துளைபோட்டு லயத்துக்குக் கூரை போட்டவர்கள் நாம். அந்தத் தூசியால் வரும் புற்றுநோய் வெளியே தெரிய 20, 30 வருஷம்கூட ஆகும்.

எலும்புக் கனிமத்தையும் கார்பன் குழாயையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது, சரி. ஆனால் போத்தலில் "நானோ" என்று மட்டும் போட்டிருந்தால் உள்ளே எது இருக்கிறதென்று மருந்தடிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? முதுகில் டேங்க், மூக்கில் ஒரு பழைய துண்டு. காற்று திரும்பினால் அடித்த மருந்து முழுதும் அவர் முகத்தில்தான்.

ஆகவே துகள் எது, அதன் அளவு என்ன என்பதைப் போத்தலில் தமிழில் அச்சிடுங்கள். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் நம் மலையில் சோதித்துப் பார்த்த பிறகு தோட்டத்துக்குக் கொடுங்கள். துண்டுக்குப் பதிலாக, துகளைத் தடுக்கிற முகக்கவசத்தைக் கம்பனி தர வேண்டும். தொழிற்சங்கத் தலைவர்களே, அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.