போனோபோட்டி என்று ஓர் ஊர் இருந்தது

வடக்குக் கலிபோர்னியாவில் க்ளியர் லேக் என்று ஒரு பெரிய ஏரி. அதன் வடக்கு முனையில் ஒரு தீவு, அந்தத் தீவில் போமோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் ஊர், பெயர் போனோபோட்டி. இன்று அங்கே போனால் தீவும் இல்லை, ஊரும் இல்லை. ஏரியின் அந்தப் பகுதியை வடித்து நிலமாக்கிவிட்டார்கள், புல் முளைத்த ஒரு மேடுதான் மிச்சம். இதை 'மறைந்துபோன கிராமம்' என்று எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஊர் தானாக எங்கே மறையும்?

அங்கே எப்படி வாழ்ந்தார்கள் என்பதை முதலில் சொல்கிறேன். ஏரிக்கரை முழுக்கக் கோரை. வீடு வேய்வது கோரையில், படகு என்பதே கட்டுக்கட்டாகச் சேர்த்து இறுக்கிய கோரை, பெண்கள் உடுத்தும் பாவாடையும் கோரை, இளங்குருத்தைச் சாப்பிடவும் செய்வார்கள். வசந்தத்தில் ஹிட்ச் என்கிற மீன் முட்டையிட ஓடைகளில் கூட்டங்கூட்டமாக ஏறும், பிடித்துக் கருவாடு போட்டு வைத்துக்கொள்வார்கள். ஓக் மரத்துக் கொட்டையை இடித்து மாவாக்கி, மணலில் பள்ளம் செய்து அதில் பரப்பி, கசப்பு இறங்கும்வரை தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் கூழ் காய்ச்சுவது கூடையில்! தண்ணீர் ஒழுகாத அளவுக்கு நெருக்கிப் பின்னிய கூடை. அதை நெருப்பில் வைக்க முடியாதே, அதனால் கல்லைப் பழுக்கக் காய்ச்சிக் கூழுக்குள் போட்டு, கூடை கருகிவிடாமல் கை ஓயாமல் துழாவுவார்கள். இவர்களைத்தான் நாகரிகம் தெரியாதவர்கள் என்று எழுதி வைத்தார்கள்.

1847-இல் ஆண்ட்ரூ கெல்சி, சார்ல்ஸ் ஸ்டோன் என்ற இரண்டு பேர் அங்கே மாட்டுப்பண்ணை நடத்த வந்தார்கள். போமோ மக்களை அடிமைகளாக வேலை வாங்கினார்கள். கூலி கிடையாது, சாட்டையடி உண்டு, வயிற்றுக்கும் போதாது. தங்கம் தேட ஐம்பது பேர் போல ஓட்டிக்கொண்டு போனார்கள், உயிரோடு திரும்பியவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். பட்டினி தாங்காமல் 1849 டிசம்பரில் அந்த இருவரையும் போமோ ஆட்கள் கொன்றார்கள். அதற்குப் பழிவாங்க 1850 மே 15 அன்று கேப்டன் நதானியேல் லயன் தலைமையில் அமெரிக்க ராணுவம், படகும் பீரங்கியும் கொண்டுவந்து, தீவைச் சூழ்ந்தது. அந்தக் கொலைகளில் சம்பந்தமே இல்லாதவர்கள், பெண்கள், குழந்தைகள், யாரையும் விடவில்லை. இறந்தவர்கள் 60-க்குக் குறையாது, நூறைத் தாண்டவும் கூடும் என்று லயனே அறிக்கை எழுதினார். வேறு சில கணக்குகள் 200 வரை போகின்றன. நிகா என்ற ஆறு வயதுச் சிறுமி தண்ணீருக்குள் மூழ்கி, ஒரு கோரைத் தண்டை வாயில் வைத்து, அதன் வழியாக மூச்சுவிட்டு உயிர் பிழைத்தாள். பிற்பாடு லூசி மூர் என்ற பெயரில் முதுமைவரை வாழ்ந்தார்.

சரி, இதற்கு அந்த நாடு என்ன செய்தது? 1942-இல் கல்வெட்டு வைத்தார்கள், அதில் 'போர்' என்று பொறித்தார்கள். உள்ளதை உள்ளபடி படுகொலை என்று சொல்லும் பலகை வர 2005 ஆயிற்று. கெல்சியின் பெயரோ அதே ஏரிக்குத் தெற்கே கெல்சிவில் என்று ஊர்ப்பெயராகவே இன்னும் இருக்கிறது. அதை கொனாக்டை என்று மாற்றலாமா என்று 2024 நவம்பரில் அந்த கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) மக்களிடம் கருத்து வாக்கெடுப்பு நடந்தது, பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்றார்கள்.

பெயரை மாற்றினால் வரலாறு அழிந்துவிடும் என்று இங்கேயும் சிலர் கமெண்டில் வருவீர்கள், தெரியும். எந்த வரலாறு? அந்த மண்ணில் கெல்சி இருந்தது இரண்டே இரண்டு வருஷம்! போமோ மக்கள் ஆயிரக்கணக்கான வருஷமாக இருக்கிறார்கள், இன்றும் இருக்கிறார்கள், ஏரிக்கு வடக்கே அப்பர் லேக் என்ற ஊரில் இருக்கிறார்கள், கூடை பின்னுகிறார்கள். லூசி மூரின் வழிவந்தவர்கள் ஒவ்வொரு மே மாதமும் சூரியன் உதிக்கும் நேரத்தில் அந்த இடத்தில் கூடி, மன்னிப்புக்கான சடங்கு நடத்துகிறார்கள். சடங்கு முடிந்து வீடு திரும்பும் வழியில் ஒரு பாட்டி தன் பேரனுக்குக் கெல்சிவில் என்ற பெயர்ப்பலகையை எப்படி விளக்குவாள் என்று யோசித்துப் பாருங்கள். கொனாக்டை என்பது ஏரிக்கரையில் நிற்கும் மலையின் பெயர், போமோ மொழியிலிருந்து வந்த பெயர். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.