அம்மா வீட்டுக்கு விருந்தாளியாகப் போகாதீர்கள்

இந்த மே மாதம் ஊருக்குப் போன முதல் நாள் காலையில், அம்மா எனக்குப் பீங்கான் கோப்பையில் காப்பி கொடுத்தாள். கோப்பைக்குக் கீழே தட்டு. தட்டில் இரண்டு பிஸ்கட். வாங்கிக்கொண்டேன், ஆனால் தொண்டையில் இறங்கவில்லை.

அந்தக் கோப்பைகள் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருப்பவை. பெண் பார்க்க வருகிறவர்கள், கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள், அப்பாவோடு வேலை பார்த்தவர்கள், இவர்களுக்குத்தான் அவை கீழே இறங்கும். வீட்டு ஆட்களுக்கு எவர்சில்வர் டம்ளர்தான். அதில் எனக்கென்று ஒன்று உண்டு. பக்கவாட்டில் என் பெயர் வெட்டியிருக்கும், விளிம்பில் ஒரு நெளிசல் இருக்கும். எட்டாவது படிக்கும்போது கிணற்றடியில் நான் கீழே போட்டதால் வந்த நெளிசல் அது. "என் டம்ளர் எங்கேம்மா?" என்று கேட்டேன். "அது பரண்ல கெடக்குட்டி. வருசத்துக்கு ஒருக்கா வார புள்ளைக்கு நெளிஞ்ச டம்ளர்லயா குடுப்பாக?" என்றாள்.

அன்றிலிருந்து மனதில் கிடந்ததைத்தான் இப்போது எழுதுகிறேன். வெளியூரில் இருந்துகொண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகும் என்னைப் போன்றவர்களுக்கும், அவர்களுக்காகக் காத்திருக்கும் அம்மாக்களுக்கும்.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். சென்னையிலிருந்து ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ், காலையில் திருநெல்வேலியில் இறங்கி செங்கோட்டை பாசஞ்சர். சேரன்மகாதேவி தாண்டியதும் மேற்கே மலை தெரிய ஆரம்பித்துவிடும். பிள்ளைகள் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவதை அந்த இடத்தில்தான் நிறுத்துவார்கள். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் ஒவ்வொரு மே மாதமும் போயிருக்கிறேன். ஆனால் போனதெல்லாம் நாலு நாள், ஐந்து நாள். லீவு கிடைக்காது, டிக்கெட் கிடைக்காது. முன்பு 120 நாளுக்கு முன்னாலேயே ரயிலில் இடம் பிடித்து வைக்கலாம். 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். மே மாத டிக்கெட்டுக்குக் காலை எட்டு மணிக்குத் திறந்தால், காப்பி ஆறுவதற்குள் காத்திருப்போர் பட்டியல் வந்துவிடுகிறது. இந்த வருடம் கணவர் சென்னையிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொன்னதால், நானும் பிள்ளைகளும் மூன்று வாரம் இருக்க முடிந்தது.

முதல் நாலு நாளும் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அந்துருண்டை வாசம் போகாத புதுப் போர்வை. மத்தியானம் சொதி, ராத்திரி இடியாப்பம். நான் அடுப்படிக்குள் போனால் "நீ போயி ஃபேனுக்குக் கீழ இரி" என்று அம்மா விரட்டுவாள். அவளுக்கு அறுபத்தெட்டு வயது. இடுப்பைப் பிடித்துக்கொண்டே எனக்கு இட்லி கொண்டுவந்து வைக்கிறாள். நான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். இது எந்த ஊர் நியாயம்? ஆனால் போன வருடம் வரைக்கும் இதுதான் நடந்தது. ஐந்தாம் நாள் பெட்டி கட்டிவிடுவதால் இது தப்பு என்றே எனக்குத் தெரிந்ததில்லை.

இந்தத் தடவை ஐந்தாம் நாள் வத்தல் போட்டோம்.

கத்திரி வெயில் மே 4-ல் தொடங்கி 28 வரைக்கும் என்றால், எங்கள் தெருவில் அந்த நாட்களுக்குள் கூழ்வத்தல் போட்டு முடித்தாக வேண்டும். மூன்று கிலோ அரிசியை முந்தின நாளே ஊறப்போட்டு அரைத்து வைத்திருந்தாள் அம்மா. விடியற்காலை நாலு மணிக்கு அடுப்படியில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். பெரிய உருளியில் கூழ் கொதிக்கிறது. துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக் கிண்டிக்கொண்டிருக்கிறாள். நெற்றி வேர்வை கன்னத்தில் இறங்குகிறது. நான் ஒன்றும் பேசாமல் துடுப்பைப் பிடுங்கிக்கொண்டேன். "ஒனக்கு அடி பிடிச்சிரும்" என்றாள். "பிடிச்சா பிடிக்கட்டும்" என்றேன். அப்புறம்தான் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். உப்பு அரை உப்பாகத்தான் இருக்க வேண்டும், காய்ந்தால் ஏறிவிடும். பச்சை மிளகாய் விழுதும் அப்படியே. கையை நனைத்துக்கொண்டு கூழைத் தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். எலுமிச்சைச் சாறு இறக்கின பிறகுதான். இத்தனை வயதில் இதெல்லாம் எனக்கு முதல்முறை சொல்கிறாள். ஏன் என்றால் நான் கேட்டதே இல்லை.

மொட்டை மாடியை நாங்கள் தட்டட்டி என்போம். ஏழரைக்குமேல் தட்டட்டியில் கால் வைக்க முடியாது. அதனால் ஆறு மணிக்கே அப்பாவின் பழைய வேட்டி நாலை நனைத்துப் பிழிந்து விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டோம். மகன் முறுக்கு உரலைப் பிழிந்தான். ஏழு வயதுக் கை. முதல் இரண்டு சுற்று வட்டமாக வந்தது, அப்புறம் வந்ததெல்லாம் பாம்பும் தேளும்தான். "ஆச்சி, இது டைனோசர்" என்றான். "டைனோசரும் பொரியும் ராசா, பிழி" என்றாள் அம்மா. பதினொரு வயது மகளுக்குக் காக்கா விரட்டும் வேலை. கறுப்புக் குடையை விரித்து வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துவிட்டாள். காக்காய்கள் எடுத்ததைவிட அவள் எடுத்தது அதிகம். பாதி காய்ந்த வத்தலின் ருசி தெரிந்தவர்கள் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள். மேலே மொறுமொறு என்றும் உள்ளே கூழாகவும் இருக்கும் அந்த நேரத்து வத்தலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

மூன்று மணி இருக்கும். மலைப்பக்கம் ஒரு உறுமல். அப்பா திண்ணையிலிருந்து "மழ வருது, மழ வருது" என்று சத்தம் போட்டார். நாங்கள் தட்டட்டிக்கு ஓடுவதற்குள் முதல் துளி விழுந்துவிட்டது. கோடை மழைத் துளி ஒவ்வொன்றும் புளியங்கொட்டை பருமன். வத்தலோடு வேட்டியைச் சுருட்ட முடியாது, ஒட்டிக்கொள்ளும். ஆளுக்கு ஒரு மூலையாகப் பிடித்து, பல்லக்கு தூக்குவதுபோல் படியில் இறக்க வேண்டும். இரண்டு வேட்டியை நானும் அம்மாவும் பிள்ளைகளுமாக இறக்கினோம். மூன்றாவதுக்கு அடுத்த வீட்டு மதினி கூப்பிடாமலே ஓடி வந்தார். நாலாவது நனைந்தேவிட்டது.

இறக்கிய வேட்டிகளை எங்கே விரிப்பது? கட்டிலில் ஒன்று, பட்டாசாலையில், அதாவது கூடத்தில், ஒன்று, ஊஞ்சல் பலகையிலும் பெஞ்சிலும் சேர்த்து ஒன்று. சரி, ஃபேனைப் போட்டால் காய்ந்துவிடும் என்று நினைத்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. நடக்க இடமில்லை, படுக்க இடமில்லை. வீட்டு ஆட்கள் ஐந்து பேரும், கூட மதினியும், மெழுகுவத்தி வெளிச்சத்தில் அடுப்படியில் உட்கார்ந்து மிச்சக் கூழைத் தின்றோம். எழுந்து கொல்லைப்புறம் போன அப்பா இருட்டில் கட்டிலோரம் கால் வைத்துவிட்டார். உள்ளங்காலில் ஒரு டைனோசர் ஒட்டிக்கொண்டு வந்தது. என் மகன் அழுவான் என்று பார்த்தால், தரையில் விழுந்து சிரிக்கிறான். அம்மா சிரித்த சிரிப்பில் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை வருடமாயிற்று என்று அந்த இடத்திலேயே நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பார்த்தால் லேசாகப் புளித்திருந்தது. நனைந்த வேட்டியில் இருந்ததை மாட்டுக்கு வைத்தோம். மிச்சத்தைப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்து, சுளகில் (முறத்தில்) பரப்பி, இன்னும் மூன்று நாள் வெயிலில் வைத்து எடுத்தோம். ஆனால் மறுநாள் காலையில் காப்பி போட்டவள் நான். அம்மா என்னை ஃபேனுக்குக் கீழே போகச் சொல்லவில்லை. "பெரிய சருவத்தக் கழுவி வையிட்டி" என்று சொல்லிவிட்டுப் பூப்பறிக்கப் போய்விட்டாள்.

நான் சொல்ல வந்தது இதுதான். விருந்தாளிக்கு எந்தக் கஷ்டமும் வராது, வரவிட மாட்டார்கள். மழை வந்தால் "நீங்க உள்ள இருங்க" என்பார்கள். வீட்டு ஆளுக்குத்தான் வேட்டியின் ஒரு மூலையைப் பிடிக்கக் கிடைக்கும். நாலு நாளுக்குப் போனால் விருந்தாளியாகத்தான் திரும்ப முடியும். அந்த நாலு நாளிலும் பாதியை, வண்டி பிடித்து மணிமுத்தாறு, பாபநாசம், குற்றாலம் என்று சுற்றுவதில் கரைத்துவிடுகிறார்கள். மே மாதம் குற்றாலத்தில் பெரும்பாலும் பாறையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும், சாரல் ஜூனில்தான். அதற்கு வாடகைக் கார் எடுத்து அலைவதைவிட, பெற்றவர்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு நாள் கூடுதலாக இருங்கள்.

ஆற்றுக்கு மட்டும் தினமும் போனோம். தாமிரபரணி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இந்த மாதத்தில் இடுப்பளவு தண்ணீர்தான், கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரியும். சின்ன மீன்கள் காலைக் கடிப்பதற்குப் பிள்ளைகள் முதல் நாள் அலறினார்கள், மூன்றாம் நாள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மகனின் செருப்பில் ஒன்று இழுவையில் போய்விட்டது. கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த பெரியவர் கம்பால் தள்ளிக் கரையில் போட்டு, "ஏலேய், ஆறு ஒத்தச் செருப்ப வச்சு என்னல செய்யும்?" என்று கேட்டார். இதற்கு நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாபநாசத்தில் குளித்துவிட்டு, கட்டியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடல் சேரும்வரை வழியில் எத்தனை ஊர் இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

நுங்கும் பதநீரும் தெருவுக்கே வந்தன. நுங்குக் கண்ணில் கட்டைவிரலை எப்படி விட வேண்டும் என்று தாத்தா காட்டிக்கொடுத்தும், மகள் அவசரப்பட்டு அழுத்தினாள். தண்ணீர் பீறிட்டுத் தாத்தாவின் கண்ணாடியில் அடித்தது. பதநீரைப் பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடித்ததில் பாதி கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவது எதற்கு என்று அவள் கேட்க, தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும் என்று பனையேறி அண்ணாச்சி விளக்கினார். மகன் தின்று முடித்த இரண்டு கூந்தலை (நுங்கெடுத்த வெறுங்காயை)க் குச்சியால் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளி, நுங்கு வண்டி ஓட்டினான். அவனுடைய விலையுயர்ந்த ரிமோட் கார் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

இரண்டாம் வாரம் என்னாலும் ஒரு சேதாரம் ஆயிற்று. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோனேன். தொட்டி நிறைந்து வழிந்து, அடுத்த வீட்டு மதினி காயப்போட்டிருந்த மல்லியெல்லாம் நனைந்துவிட்டது. "ஏட்டி, மெட்ராசுக்குப் போயி மோட்டார அமத்தக்கூட மறந்துட்டியா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம். நான் போய் மன்னிப்புக் கேட்டு, இரண்டு நாள் அவர் மல்லியை எங்கள் தட்டட்டியில் காயவைத்துக் கொடுத்தேன். அந்தத் திட்டு எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. பீங்கான் கோப்பையில் குடிக்கிறவளை யாரும் ஏட்டி என்று கூப்பிட்டுத் திட்ட மாட்டார்கள்.

அம்மாக்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் வந்தால் தாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எல்லாவற்றையும் நீங்களே இழுத்துப்போட்டுச் செய்யாதீர்கள். அடுப்பு துடைக்கச் சொல்லுங்கள், ரேஷன் கடைக்கு அனுப்புங்கள், பேரப்பிள்ளைகள் கையில் துடைப்பத்தைக் கொடுங்கள். "பாவம், அலைஞ்சு வந்திருக்கு" என்று ஒதுக்கி ஒதுக்கித்தான் எங்களுக்கு அந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போய்விட்டது.

சென்னைக்கு வந்து பத்து நாள் ஆகிறது. நேற்றுச் சாயங்காலம் அம்மா போன் செய்தாள். சாப்பிட்டியா, பிள்ளைகள் நல்லா இருக்கா என்று கேட்கவில்லை. எடுத்த எடுப்பில் ஒரே சத்தம்.

"ஏட்டி, சின்னச் சொளகத் தேடித் தேடி எனக்குக் காலு ஒடிஞ்சு போச்சு. எங்கட்டி வச்சுத் தொலச்ச?"

தட்டட்டிப் படிக்குக் கீழே, குடைக்குப் பின்னால் என்று சொன்னேன். போனை வைக்காமலே போய் எடுத்துக்கொண்டு வந்தாள்.