பைபரியும் ஒரு மஞ்சள் காரும்

இங்கிலாந்தின் பைபரி கிராமத்தில் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் கேட்டார்: "எல்லாம் சரி, ஓரத்துல நிக்கிற அந்தக் காரை வெட்டி எடுத்திருக்கலாமே?" எடுத்திருக்கலாம். வேண்டுமென்றேதான் விட்டுவைத்தேன். ஏன் என்று சொல்லப்போனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது ஸ்விண்டனில். பைபரி அங்கிருந்து காரில் முக்கால் மணி நேரம். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். ஏப்ரல் மாதம். வெயில் வந்துவிட்டதே என்று ஸ்வெட்டரைக் கழற்றினால் பத்தாவது நிமிடம் ஆலங்கட்டி மழை விழும். இங்கே வசந்தம் என்பது அதுதான். டாஃபடில் பூக்கள் வாடத் தொடங்கியிருந்தன. ஆற்றங்கரை மரநிழலில் அம்மா சட்டென்று நின்று, "யாரோ பூண்டு ரசம் வைக்கிறாங்கடா" என்றார். சுற்றுமுற்றும் வீடே இல்லை. காலடியில் பார்த்தால் காட்டுப் பூண்டு, பச்சைப் பசேலென்று நிலம் மூடிக் கிடக்கிறது. ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்த்த பிறகுதான் அம்மா நம்பினார்.

கோல்ன் ஆற்றை ஆறு என்று சொன்னால் காவிரிக்கரைக்காரர்கள் சிரிப்பார்கள். நம் கணக்கில் அது வாய்க்கால். ஆனால் சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி வரும் தண்ணீர் என்பதால் அடியில் கிடக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிகிறது. டிரௌட் மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கின்றன. வாத்து பார்க்க வந்த குழந்தைகள் மீன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லோரும் தேடி வருவது ஆர்லிங்டன் ரோ என்கிற அந்த வீட்டு வரிசையைத்தான். ஒரு காலத்தில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டின் உள் அட்டையிலேயே அதை அச்சடித்திருந்தார்கள். 1380 வாக்கில் கம்பளி வைக்கும் கிடங்காகக் கட்டியது. 17ஆம் நூற்றாண்டில் தடுத்துத் தடுத்து நெசவாளர் வீடுகளாக்கினார்கள். எதிரே உள்ள ஈர நிலத்துக்கு ராக் ஐல் என்று பெயர். நெய்த துணியை மரச்சட்டங்களில் இழுத்துக் கட்டிக் காயவைத்த இடம். இன்று அது பறவைகளுக்கு.

கூரையை மட்டும் நின்று நிதானமாகப் பாருங்கள். ஓடு இல்லை, கல். மெல்லிய சுண்ணாம்புக்கல் பலகைகள். கீழே இறவாரத்தில் பெரிய கற்கள், மேலே போகப் போகச் சின்னது, முகட்டருகே உள்ளங்கை அளவு. மழைத் தண்ணீர் தங்காமல் வழிந்தோடத்தான் கூரை அவ்வளவு செங்குத்து. எங்கள் தாத்தா கட்டிய வீட்டின் ஓட்டுக்கூரையைத் தன் கையால் பிரித்து மாற்றியவர் அம்மா. அவர் ஐந்து நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒரு கல்லு நழுவினா தலை போச்சு" என்றார். எனக்குத் தெரிந்து அந்த இடத்தைப் பற்றிச் சொல்லப்பட்ட மிக நேர்மையான விமர்சனம்.

கம்பளி இங்கிலாந்துக்கு அந்தக் காலத்தில் தங்கச் சுரங்கம். நாடாளுமன்றத்தில் பிரபுக்கள் அவையின் தலைவர் இன்றைக்கும் உட்காருவது 'கம்பளி மூட்டை' என்ற பெயருள்ள இருக்கையில்தான். அப்புறம் இயந்திரத் தறி வந்தது. யார்க்‌ஷயர் ஆலைகள் வேலையை அள்ளிக்கொண்டு போயின. பைபரி இருக்கும் காட்ஸ்வோல்ட் பகுதிக் கிராமங்கள் படுத்துவிட்டன. பழசை இடித்துப் புதிதாகக் கட்ட யார் கையிலும் காசு இல்லை. அதனால்தான் வீடுகள் தப்பின. நாம் 'என்ன அழகு' என்று சொல்வது பாதிக்கு மேல் அன்றைய பஞ்சத்தின் மிச்சம். 19ஆம் நூற்றாண்டில் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் வந்து இங்கிலாந்திலேயே அழகான கிராமம் இதுதான் என்று புகழ்ந்தார். அந்தப் புகழ்ச்சியை இன்றுவரை எல்லா வழிகாட்டிப் புத்தகங்களும் எடுத்துப் போட்டுக்கொள்கின்றன. தறியோடு மாரடித்தவனை யாரும் கேட்கவில்லை.

இதில் கார் எங்கே வந்தது? ஹென்றி ஃபோர்டிடமிருந்தே ஆரம்பிக்கலாம். காரை ஊர் ஊராகப் பரப்பிய அந்த மனிதருக்குக் கார் வராத காலத்துக் கிராமங்கள் மேல் கொள்ளை ஆசை. 1930இல் பைபரிக்குப் பக்கத்திலுள்ள செட்வொர்த்தில் ஒரு கல் வீட்டை விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்து, அமெரிக்காவுக்குக் கப்பலேற்றி, மிச்சிகனில் தன் அருங்காட்சியகத்தில் திரும்பக் கட்டினார். இன்றும் அங்கே நிற்கிறது. உள்ளே குடியிருக்க ஆள் கிடையாது, பார்க்க வருபவர்கள் மட்டும்தான். சுற்றுலாப் பயணியின் கனவுக் கிராமம் அதுதான்.

பைபரியில் மனிதர்கள் இருக்கிறார்கள், அதுதான் சிக்கல். வரிசைக்குப் பக்கத்தில் குடியிருந்த முதியவர் ஒருவர் தன் மஞ்சள் நிற வாக்ஸால் கோர்சா காரை வழக்கமான இடத்தில் நிறுத்துவார். 2015இல் ஒருவர், அந்த 'அசிங்கமான கார்' தன் படத்தைக் கெடுத்துவிட்டது என்று இணையத்தில் புலம்ப, செய்தியாகி உலகமெல்லாம் பரவியது. 2017 தொடக்கத்தில் யாரோ அந்தக் காரின் கண்ணாடிகளை உடைத்து, பானெட்டில் 'நகரு' என்று கீறிவிட்டுப் போனார்கள். ஒரு போட்டோவுக்காக! பேருந்து எப்போதாவது வரும் ஊரில், வயதான மனிதர் கடைக்கும் டாக்டரிடமும் எதில் போவார்?

பிறகு நடந்தது எனக்குப் பிடித்த பகுதி. அந்த வருடம் ஏப்ரல் 1 அன்று, நாட்டின் பல மூலைகளிலிருந்து ஏறக்குறைய நூறு மஞ்சள் கார்கள் அணிவகுத்து பைபரிக்குள் நுழைந்தன, அவருக்கு ஆதரவாக. முட்டாள்கள் தினத்தில் இவ்வளவு புத்திசாலித்தனமான காரியத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நானும் யோக்கியன் இல்லை. ஒரு ஜன்னல் திட்டில் அம்மாவைச் சாயச் சொல்லி, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்மா" என்று ஃபோனை நீட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவின் தோளுக்குப் பின்னால் திரை லேசாக விலகியது. உள்ளே மேசையில் பாதி தின்ற டோஸ்ட், ஒரு மாத்திரை டப்பா, கையில் டீக் கோப்பையோடு ஒரு பெண்மணி. கோபமாகக் கூடப் பார்க்கவில்லை. தினமும் பார்க்கிற பார்வை. திரையை மூடிவிட்டார்.

அம்மா திட்டை விட்டு விலகி வந்தார். "யார் வீட்டு வாசல்ல நிக்கிறோம், கேட்டியாடா நீ?"

கேட்கவில்லை. இந்த வரிசை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குச் சொந்தம். பெரும்பாலான வீடுகளில் வாடகைக்கு ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்று வழியில் அம்மாவுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தவனே நான்தான். அதற்குள் ஒரு சுற்றுலாப் பேருந்து வந்து நின்று ஐம்பது பேரை இறக்கியது. முதலில் இறங்கியவர் நேராக அந்த ஜன்னலுக்குத்தான் போனார்.

அதற்குப் பிறகு நான் எடுத்த படங்களில் காரும் இருக்கிறது, குப்பைத் தொட்டியும் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அம்மா எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, பச்சைத் தொட்டி வாசலில் நிற்கும் படத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார். கும்பகோணத்திலிருந்து அத்தை உடனே கேட்டார்: "அழகா இருக்கு அண்ணி. அங்க குப்பை வண்டி என்னிக்கு வரும்?"